ஊவா மாகாணத்தில் இசை ஒலிப்பதிவு

ஊவா மாகாணத்தில் நாட்டார் இசையை ஒலிப்பதிவு செய்யும் பணி, வானொலியோடு நெருங்கிப் பிணைந்தது. இலங்கையில் வானொலி 1925 டிசம்பர் 16இல் கொழும்பில் முறையாகத் தொடங்கியது. 1967இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. தொடக்கத்தில் வானொலியில் பாட விரும்பிய மலையகக் கலைஞர் கொழும்புக் கலையகத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது.

1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலி இந்த முறையை மாற்றியது. யுனெஸ்கோவும் டென்மார்க்கின் உதவி அமைப்பான டானிடாவும் இதற்குத் துணை நின்றன. தயாரிப்பாளர்கள் மகாவலித் திட்டக் குடியேற்றக் கிராமங்களில் சில நாட்கள் தங்கி, மக்களின் பேச்சையும் பாட்டையும் அங்கேயே பதிவு செய்தனர். 1986இல் பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டையில் ஒரு நிலையம் அமைந்தது. அக்காலத்தில் தொகுப்பு என்பது காந்த நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டும் வேலை. கலைஞரைத் தேடிப் பிடிப்பது முதல் ஒலியைச் சீர்செய்வது வரை பலவும் தயாரிப்பாளரின் பொறுப்பில் வந்தன. பின்னர் ஊவா சமூக வானொலியும் உருவானது.

பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் இசையைப் பதிவு செய்வது தனித் திறனைக் கோருவது. மாசி மாதத்தில் நடக்கும் காமன் கூத்து திறந்த வெளியில் இரவில் ஆடப்படுகிறது. தப்பு என்னும் தோற்கருவியை இசைக்கும் கலைஞர்கள் நெருப்பு மூட்டி அதன் தோலைக் காய்ச்சிய பிறகே அடிப்பர். மலைப் பனியில் தோல் தளர்ந்தால் மீண்டும் காய்ச்ச வேண்டும். அந்த நேரத்தைக் கணித்துப் பதிவு செய்யாவிட்டால் தப்பின் நாதம் மழுங்கிவிடும். தப்புக்கு அருகில் ஒலிவாங்கியை வைத்தால் பாடுபவரின் குரல் அமுங்கிப்போகும். ஆகவே குரலுக்கும் தப்புக்கும் தனித்தனி ஒலிவாங்கிகள் தேவைப்படுகின்றன. தாலாட்டும் ஒப்பாரியும் இதற்கு மாறானவை. மெல்லிய தனிக்குரலில் அமைந்த அவற்றைப் பதிவு செய்ய அமைதியான இடம் வேண்டும்.

தோட்ட மக்களின் பாடல்களை எழுத்தில் தொகுத்தவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) முதன்மையானவர். எழுத்துத் தொகுப்பில் சொற்கள் நிலைத்தன. மெட்டும் தாளமும் பாடியவர்களின் நினைவிலேயே தங்கின. கணினியும் கைப்பேசியும் பதிவுச் செலவைப் பெரிதும் குறைத்துவிட்ட இக்காலத்தில், மூத்த பாடகர்கள் இருக்கும்போதே தோட்டந்தோறும் பாடல்களைப் பதிவு செய்து, பாடியவர் பெயர், இடம், தேதி ஆகியவற்றுடன் பேணுவது இத்துறையின் முதற் கடமை.