ஜம்ஷீத்

ஜம்ஷீத், ஈரானில் ஆண்பிள்ளைகளுக்குத் தொன்றுதொட்டு வைக்கப்படும் பெயர். இந்தியப் பார்சிகளிடம் இது ஜம்ஷெட் என்றும், மரியாதை விகுதி சேர்ந்து ஜம்ஷெட்ஜி என்றும் வழங்குகிறது.

இதன் மூலம் ஜொராஸ்திரியரின் மறைநூலான அவெஸ்தாவில் வரும் 'யிம க்ஷயேத'. யிம என்றால் இரட்டைப் பிறவி. க்ஷயேத என்றால் ஒளிவீசுபவன். சூரியனைக் குறிக்கும் குர்ஷித் என்ற பெயரின் பின்பாதியும் இச்சொல்லே. யிமனின் தந்தை விவங்வந்த். ரிக்வேதத்தில் யமனின் தந்தை விவஸ்வான். எமன் என்று தமிழர் அஞ்சிச் சொல்லும் பெயரும், ஈரானியர் ஆசையாய்ப் பிள்ளைக்கு இடும் பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது மொழி வரலாற்றின் அரிய வியப்புகளில் ஒன்று. வேதத்தின் யமன் முதலில் இறந்து, பிறருக்கு வழி கண்டவன். யிமன் ஆட்சியிலோ மூப்பும் சாவும் இல்லை. உயிர்கள் பெருகி இடம் போதாமல் அவன் மூன்று முறை பூமியை விரிக்கிறான். கொடும்பனி வருமுன் மனிதர், விலங்கு, செடிகொடிகளின் வித்துகளைக் காக்க அரண் ஒன்றும் அமைக்கிறான். பொய் பேசியதும் அவனுடைய அரசொளி பறவை உருவில் பறந்து போகிறது.

1010-இல் ஃபிர்தௌசி முடித்த ஷாநாமாவில் ஜம்ஷீத் 700 ஆண்டுகள் ஆளும் பேரரசன். நெசவு, மருத்துவம், கப்பலோட்டல் அவன் தந்தவை. தேவ் எனும் பூதங்கள் சுமந்த அரியணையில் அவன் வானில் வீற்றிருந்த நாளே நவ்ரோஸ் புத்தாண்டு. பிறகு உலகைப் படைத்தவன் தானே என்று சொல்லிக்கொள்கிறான். தோளில் பாம்புகள் முளைத்த ஸஹ்ஹாக் அவனை ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறான். இவ்வளவு கொடிய முடிவைச் சொல்லும் காவியத்தைப் போற்றியவர்களே அப்பெயரையும் விரும்பி வைத்தார்கள். அவன் தந்த பொற்காலமே மனத்தில் நின்றது.

உலகனைத்தும் தெரியும் கிண்ணம் ஷாநாமாவில் கைகுஸ்ரோ அரசனுடையது. பின்வந்த கவிஞர்கள் அதை ஜம்ஷீதின் கையில் கொடுத்தனர். ஹாஃபிஸின் கஸல்களில் 'ஜம் கிண்ணம்' மெய்யறிவு பெற்ற உள்ளத்தின் குறியீடாகிறது. முதலாம் டேரியஸ் எழுப்பிய பெர்செபோலிஸின் வரலாறு மறந்த மக்கள், அதன் உயர்ந்த கற்றூண்களைப் பார்த்து 'தக்தே ஜம்ஷீத்', அதாவது ஜம்ஷீதின் அரியணை, என்றார்கள். இன்றும் ஈரானில் அதுவே பெயர்.

பார்சிகள் மார்ச் 21-ஐ ஜம்ஷெதி நவ்ரோஸ் என்று கொண்டாடுகின்றனர். தொழிலதிபர் ஜம்ஷெட்ஜி டாடாவின் நினைவாக 1919-இல் சாக்சி என்ற ஊர் ஜம்ஷெட்பூர் ஆனது.