பாறையும் பாளையமும்: திண்டுக்கல் சமவெளியின் உட்போர் வரலாறு

பழனி மலைத்தொடருக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட வெளியின் வடவாயிலில், சமவெளியிலிருந்து தனித்தெழுந்து நிற்கும் திண்டுக்கல் பாறை, மதுரையிலிருந்து கொங்கு நாட்டுக்கும் மைசூருக்கும் செல்லும் வழிகளைக் கண்காணிக்கும் இடத்தில் அமைந்திருந்ததால், மதுரை நாயக்கர்கள் பதினேழாம் நூற்றாண்டில் அதன்மேல் கோட்டை எழுப்பினர். ஆயினும் அடுத்த இருநூறு ஆண்டுகளில் இங்கு நடந்த போர்களின் முடிவைத் தீர்மானித்தது அந்தப் பாறை மட்டுமன்று; அதைச் சூழ்ந்த காடுகளிலும் மலையடிவாரங்களிலும் சிதறிக் கிடந்த பாளையங்களே பல வேளைகளில் அதைத் தீர்மானித்தன.

பாளையம் என்பது, விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் பதினாறாம் நூற்றாண்டில் வகுத்ததாகக் கூறப்படும் படைமானிய அமைப்பின் ஓர் அலகாகும். பாளையக்காரர் தம் எல்லைக்குள் வரி தண்டி, ஒரு பங்கை நாயக்கருக்குக் கப்பமாகச் செலுத்தி, ஒரு பங்கில் படை வைத்து, எஞ்சியதைத் தாம் அனுபவித்தார். ஊர்களையும் வழிகளையும் காப்பதற்குக் காவல் வரியும் பெற்றார். கன்னிவாடி, விருப்பாட்சி, இடையகோட்டை, ஆயக்குடி, அம்மையநாயக்கனூர் முதலிய பாளையங்கள் ஒவ்வொன்றும் தனக்கெனக் கோட்டையும் காடும் ஆட்களும் கொண்டிருந்தமையால், தலைநகர் வீழ்ந்தாலும் நாடு வீழாத ஒரு நிலையை இவ்வமைப்பு உருவாக்கியது. அதே காரணத்தால், எல்லாரையும் ஒரே நாளில் ஒரே களத்துக்குக் கொண்டுவரும் ஆற்றல் எவரிடமும் இல்லாமலும் போயிற்று.

1732இல் மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் வாரிசின்றி இறந்தபின், அரசி மீனாட்சிக்கும் உரிமை கோரிய பங்காரு திருமலைக்கும் மூண்ட பூசலில் இந்தக் குறை முதன்முறையாக வெளிப்பட்டது. குடும்பப் பூசலைத் தீர்க்க ஆர்க்காட்டுப் படை அழைக்கப்பட்டது. அரசிக்குத் துணையாக வந்த சந்தா சாகிப் திண்டுக்கல்லைக் கைப்பற்றி, அம்மையநாயக்கனூரில் பங்காரு திருமலையின் தரப்பை முறியடித்து, பின்னர் தம்மை அழைத்த அரசியையே வஞ்சித்து நாட்டைத் தமதாக்கிக்கொண்டார். உள்நாட்டுப் பகைக்கு வெளித்துணை தேடியவர் துணைவரிடமே நாட்டை இழந்த இந்நிகழ்வு, தென்னகத்தில் அடுத்தடுத்துத் திரும்ப நிகழ்ந்தது.

மைசூர்ப் படை 1740களில் பாறையைக் கைக்கொண்டது. 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக, அதாவது படைத்தலைமையும் வட்டார ஆட்சியும் சேர்ந்த பதவிக்கு, நியமிக்கப்பட்ட ஹைதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர்களைக் கொண்டு இங்கே படைக்கலச் சாலையும் பீரங்கிப் பிரிவும் அமைத்து, பின்னாளில் மைசூரையே ஆளுவதற்கான வலிமையைத் திரட்டினார். 1772இல் கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டபின் சிவகங்கை அரசி வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்ததும் ஹைதரின் ஆதரவிலிருந்த இந்தப் பகுதிக்கே. விருப்பாட்சியில் தங்கிய அவர், 1780இல் சிவகங்கையை மீட்டார். கோட்டை 1768, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விழுந்து, முதல் இருமுறை மைசூருக்குத் திரும்பி, 1792இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் நிலையாகக் கம்பெனிக்குச் சென்றது.

பாறையை வென்ற கம்பெனிக்குச் சமவெளி உடனே வசப்படவில்லை. கப்பத்தை உயர்த்தியும், நிலங்களை அளந்தும், காவல் உரிமைகளில் தலையிட்டும் அதன் அலுவலர்கள் நடந்துகொண்டதால், அதுவரை ஒருவரோடொருவர் எல்லைச் சண்டை போட்டுவந்த பாளையக்காரர்கள் விருப்பாட்சி கோபால நாயக்கரின் பின்னே அணிதிரண்டனர். வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் விரிவாக எழுதிய இந்தத் திண்டுக்கல் கூட்டமைப்பு, மணப்பாறை லட்சுமி நாயக்கரையும் தேவதானப்பட்டி பூசாரி நாயக்கரையும் உள்ளடக்கி, சிவகங்கை மருது சகோதரர்களோடும், மைசூருக்கு வடக்கே கம்பெனியை எதிர்த்துப் போரிட்டுவந்த தூந்தியா வாக்கோடும் தொடர்பு கொண்டிருந்தது. சாதியும் மொழியும் சமயமும் வேறான தலைவர்களைத் தூதுகளால் மட்டுமே ஒன்றிணைத்த இந்த அரசியல் பணி, எந்தப் போர்க்கள வெற்றிக்கும் குறைந்ததன்று; கோபால நாயக்கருக்குத் தமிழக நினைவில் கிடைத்துள்ள இடம் அதற்கு ஈடாகாது.

1800 ஏப்ரல் 29இல் விருப்பாட்சியில் கூடியவர்கள் வகுத்த திட்டம், ஜூன் 3இல் கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்குவது. அந்நாள் முகரம் பத்தாம் நாளாகையால் கோட்டையில் எச்சரிக்கை தளர்ந்திருக்கும் என்பது ஒரு கணக்கு. கோவை கையில் வந்தால் தூந்தியாவின் குதிரைப்படை மலைகளைக் கடந்து இறங்கவும், மலபாரிலும் மதுரையிலும் இருந்த கம்பெனிப் படைகள் ஒன்றுக்கொன்று உதவ முடியாமல் பிரியவும் வழி பிறக்கும் என்பது அதனினும் பெரிய கணக்கு. ஆனால் வடக்கிலிருந்து குதிரைப்படை வரவில்லை. செய்தியும் முன்னரே கசிந்திருந்தது. தாக்குதல் தோல்வியில் முடிந்தது; பிடிபட்டவர்களில் 40க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பர் 10இல் தூந்தியா ஆர்தர் வெல்லெஸ்லியின் படையால் கொல்லப்பட்டார்.

இத்தோல்வியைக் காட்டிக்கொடுத்தவர்மேல் மட்டும் சுமத்துவது எளிய விளக்கம். பல நூறு கல் தொலைவில் வேறொரு போரில் சிக்கியிருந்த படையின் வருகையைத் தொடக்க அடிக்கே நிபந்தனையாக்கியதும், அது தாமதித்தால் செய்யவேண்டிய மாற்று ஏற்பாடு இல்லாமையும் அதைவிட முதன்மையான காரணங்கள். கம்பெனியோ புதுக்கோட்டைத் தொண்டைமானையும் எட்டயபுரத்தையும் தன் பக்கம் வைத்திருந்ததோடு, எதிரிகளைத் தனித்தனியே ஒவ்வொருவராகச் சந்திக்கும் வாய்ப்பையும் பெற்றது. கர்னல் இன்னஸின் படை விருப்பாட்சியைப் பிடித்தது. கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் அறிக்கை வெளியிட்டுப் போரைத் தொடர்ந்த மருது சகோதரர்கள் அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் அதே முடிவை எய்தினர்.

பின்னர் பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, கம்பெனிக்கு அடங்கி எஞ்சியோர் பலர் நிலவரி கட்டும் ஜமீன்தார்களாக மாற்றப்பட்டனர். படை வைக்கும் உரிமையும் காவல் உரிமையும் பறிக்கப்பட்டபின், சமவெளியைக் காக்கப் பாறைமேல் பெரும்படை தேவைப்படவில்லை. 1860வாக்கில் அங்கிருந்த காவற்படையும் விலக்கிக்கொள்ளப்பட்டது.