மாடவீதியிற் கிடைத்த மேடை

பிறந்த ஊரை விட்டு மாநகரொன்றிற் குடியேறும் இசைவாணன் அங்கே தனக்கோர் இடந் தேடிக்கொள்ளுதல் எளிதன்று. கீர்த்தனாசிரியர் பாபநாசம் சிவன் அவர்கள் சென்னையில் அவ்விடத்தைப் பெற்ற வரலாறு நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டியதொன்று.

சோழநாட்டிலே போலகம் என்னும் சிற்றூரில் 1890ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி தோன்றியவர் இவர். இயற்பெயர் இராமையா. ஏழு வயதிலே தந்தையை இழந்தார். அன்னை யோகாம்பாள் பிள்ளைகளோடு திருவனந்தபுரஞ் சென்றார். அங்கே சம்ஸ்கிருதக் கல்லூரியிற் பயின்று வியாகரணத்திலே பட்டம் பெற்ற போதிலும், இராமையாவின் நெஞ்சம் பஜனையிலேயே தோய்ந்து நின்றது. நீலகண்ட சிவன் என்னும் அடியாரின் தமிழ்ப் பாடல்கள் அவருள்ளத்தில் ஆழப் பதிந்தன. 1910இல் அன்னையும் மறைய, கோயில் கோயிலாகச் சென்று பாடுவதே அவர் வாழ்வாயிற்று. மேனியெங்கும் திருநீறு துலங்கப் பாடி நின்ற அவரைப் பாபநாசத்து மக்கள் சிவன் என்றே அழைத்தனர். அப்பெயரே நிலைத்தது.

1920களில் அவர் மயிலாப்பூரிலே குடியேறினார். அந்நாளிற் சென்னையின் இசையுலகம் சபைகளைச் சூழ்ந்து வளர்ந்துகொண்டிருந்தது. 1900இல் பார்த்தசாரதி சுவாமி சபை தோன்றிற்று. 1928இல் சங்கீத வித்துவ சபை உருவாயிற்று. மேடைகளிலே தெலுங்குக் கீர்த்தனங்களுக்கே முதலிடம். தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியின் இறுதியிலே துக்கடா என்னும் சிறு பகுதியே பெரும்பாலும் எஞ்சியது. தமிழிலே கீர்த்தனம் இயற்றும் ஒருவருக்கு இத்தகைய நகரில் இடம் எங்கே?

சிவனுக்கு அது கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாடவீதிகளிலே கிடைத்தது. மார்கழி மாதத்து வைகறையில், பனி நீங்குமுன், அன்பர் சிலரோடு அவ்வீதிகளிற் பாடிக்கொண்டு வலம் வந்தார். அனுமதிச் சீட்டில்லை, ஆசனமில்லை. வாயிலிற் கோலமிடுவோரும் கோயிலுக்குச் செல்வோருமே கேட்போர். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பூம்பாவைத் திருப்பதிகத்தில் மயிலையின் திருவிழாக்களை வரிசைப்படுத்திப் பாடியருளினார் அன்றோ? அதே மயிலையின் அறுபத்துமூவர் விழாக் காட்சியைச் சிவன் காம்போதி இராகத்திற் கீர்த்தனமாக்கினார்.

வீதியிற் பிறந்த பாடல்கள் விரைவில் மேடையேறின. முசிறி சுப்பிரமணிய ஐயர், செம்மங்குடி சீனிவாச ஐயர், மதுரை மணி ஐயர், டி. கே. பட்டம்மாள் முதலானோர் அவற்றைப் பாடிப் பரப்பினர். 1934இல் வெளிவந்த சீதா கல்யாணம் முதலாகத் திரைப்படங்களுக்கும் அவர் பாடல் அமைத்தார். சிவகவி, ஹரிதாஸ் ஆகிய படங்களில் தியாகராஜ பாகவதர் பாடிய அவர் பாடல்கள் கடல் கடந்து நம் இலங்கைத் தமிழர் இல்லங்களிலும் ஒலித்தன. கலாக்ஷேத்திரத்திலும் அவர் இசை பயிற்றினார். 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, மேடைக்குரிய தமிழ்க் கீர்த்தனங்கள் எங்கே என வினவியோருக்கு அவருடைய பாடல்களே விடையாய் நின்றன. தமிழ்த் தியாகராஜர் என மக்கள் அவரைப் போற்றினர்.

சங்கீத வித்துவ சபை அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது 1971இல். அப்பொழுது அவருக்கு அகவை எண்பத்தொன்று. 1973ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். சபையின் பட்டம் வர நெடுங்காலஞ் சென்றது. மயிலை மக்களோ அவரைத் தம்மவராய் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டனர். அவர் மறைந்த பின்னும் அன்பர்கள் அம்மார்கழி பஜனையை விடாது தொடர்ந்தனர்.

நம் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலும் திருவெம்பாவைக் காலத்து வைகறையிலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்க இளைஞர்கள் பாடிச் செல்லும் வழக்கம் தொன்றுதொட்டு வந்ததாகும். அப்பணியை ஒலிபெருக்கியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் துயில்வோமாயின், இழப்பு நம்முடையதே. இசை மேடை கிட்டாத இளைஞரே, உம் ஊர்க்கோயில் வீதி உமக்காகக் காத்திருக்கிறது. பெரியோர்காள், அவர்கள் பாடி வரும்போது உங்கள் வாயிலில் விளக்கொன்று எரியட்டும்.