ஓர் ஊதாப் பூவின் இருநூறு ஆண்டுகள்



யூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைகளால் போகும்போது, ஓரத்துச் சதுப்பு நிலங்களில் ஊதாப் பூக்கள் கதிர் கதிராக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் பெயர் பேர்ப்பிள் லூஸ்ஸ்ரைஃப். வீட்டில் சிறு குளமோ, தண்ணீர் தேங்கும் மூலையோ வைத்திருப்பவர்கள் அதன் வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

ஐரோப்பாவையும் ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1800களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு வந்தது. கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றிவந்து கரையில் கொட்டிய மண்ணோடு விதைகள் வந்தன. மருந்துக்கும் பூந்தோட்டத்துக்கும் என்று சிலர் விரும்பியும் கொண்டுவந்தார்கள். தேனீ வளர்ப்போரும் விதைத்தார்கள். நன்கு வளர்ந்த ஒரு செடி ஆண்டுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகளைத் தரக்கூடியது. அதைத் தின்று கட்டுப்படுத்தும் பூச்சிகளோ கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. அது அடர்ந்த இடங்களில் சம்புப் புல்லும் மற்றைய உள்ளூர்ச் செடிகளும் ஒதுங்கிப்போயின.

1930களில் மானிட்டோபாவின் மோர்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 'மோர்டன் பிங்க்' என்ற தோட்ட வகை வெளிவந்தது. இத்தகைய வகைகள் விதை வைக்காதவை, பயமின்றி நடலாம் என்று நம்பப்பட்டது. ஆனால் லூஸ்ஸ்ரைஃப் பூக்களில் மூன்று வடிவங்கள் உண்டு என்பதையும், ஒரு வடிவம் நன்றாக விதை வைக்க இன்னொரு வடிவத்தின் மகரந்தம் தேவை என்பதையும் 1860களிலேயே சார்ள்ஸ் டார்வின் விளக்கியிருந்தார். தனியே நின்ற தோட்டச் செடி விதை வைக்கவில்லை. ஆற்றோரத்துக் காட்டுச் செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்ததும் விதை வைத்தது. 1990களில் மானிட்டோபாவில் நடந்த ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. ஒரு வீட்டுக்குச் சரியாக வந்த கணக்கு, ஊருக்குப் பிழைத்துவிட்டது.

1992 முதல், ஐரோப்பாவில் இதன் இலையைத் தின்னும் சிறு வண்டுகள் சோதிக்கப்பட்டு இங்கே விடப்பட்டன. பல இடங்களில் செடி குறைந்தது, ஆனால் அழியவில்லை.

அகதிகளாக வந்த எமக்கு 'அந்நியச் செடி', 'ஆக்கிரமிப்பு' என்ற சொற்கள் காதில் நெருடும். மனிதரைப் பற்றி அப்படிப் பேசுவோரையும் நாம் கேட்டிருக்கிறோம். இங்கிலாந்தின் ஆற்றங்கரைகளில் இதே லூஸ்ஸ்ரைஃப் உள்ளூர்ச் செடி. அங்கே அது யாருக்கும் பகையல்ல. ஆகவே குற்றம் செடியில் இல்லை, அதை இடம்மாற்றிய கைகளில்தான் இருக்கிறது. எமது நாட்டிலும் தென் அமெரிக்காவின் ஆற்றுவாழையை அடக்க 1909இலேயே ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதுவும் பூவின் அழகுக்காக உலகமெங்கும் கொண்டுசெல்லப்பட்ட செடிதான்.

அந்த ஆற்றுவாழையின் நெருங்கிய உறவான பிக்கெரல்வீட், ஒன்ராறியோவின் சொந்தச் செடி. முழங்காலளவுக்கும் குறைந்த தண்ணீரில் நீலக் கதிராகப் பூக்கும். கரையின் ஈரத்தில் புளூ ஃபிளாக் ஐரிஸ் நடலாம். 1999இல் கியூபெக் தன் மாகாணப் பூவாக ஏற்றது இதைத்தான். இதன் கிழங்கு நச்சு, எனவே பிள்ளைகள் கவனம். சற்று மேலே, ஈரமான மண்ணில், சுவாம்ப் மில்க்வீட் வளரும். இது எமது எருக்கலையின் குடும்பம். உடைத்தால் பால் வரும். மொனார்க் வண்ணத்துப்பூச்சி மில்க்வீட் இனங்களில்தான் முட்டையிடும். மூன்றும் பனிக்காலத்தில் மேலே காய்ந்து, வசந்தத்தில் வேரிலிருந்து மீண்டும் துளிர்ப்பவை.

காட்டிலிருந்து பிடுங்காமல், உள்ளூர்ச் செடிகள் விற்கும் நாற்றுமேடையில் தாவரவியற் பெயரைக் கேட்டு வாங்குங்கள். வேண்டாத குளச்செடியை ஓடையில் எறியாதீர்கள். எமது வேலிக்குள் நட்டது வேலிக்குள் நிற்கும் என்று தண்ணீரும் தேனீயும் உத்தரவாதம் தருவதில்லை.