பக்கவிளைவு என்று பெயரிட்டது யார்?

உடலுக்குள் போகும் மருந்துக்கு எது விளைவு, எது பக்கவிளைவு என்று தெரியாது. அது ஒரே நேரத்தில் பலவற்றைச் செய்கிறது. அவற்றில் வேண்டியதற்கு விளைவு என்றும் வேண்டாததற்குப் பக்கவிளைவு என்றும் மனிதர்கள்தாம் பெயர் வைக்கிறார்கள். பெயர் வைப்பவர் ஒருவராகவும் அனுபவிப்பவர் வேறொருவராகவும் இருக்கும் இடத்தில் அரசியல் தொடங்குகிறது.

முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கு இன்று தரப்படும் இம்யூனோதெரபி என்கிற நோயெதிர்ப்புச் சிகிச்சையை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. கொல்லும் வேலையை மருந்தே செய்யாமல், உடலின் எதிர்ப்பாற்றலைக் கட்டவிழ்த்துவிட்டு அதைச் செய்யவைக்கும் சிகிச்சை இது. அப்படிக் கட்டவிழ்ந்த ஆற்றல் சில உடல்களில் தைராய்டையும் குடலையும் தோலையும் நுரையீரலையும்கூடத் தாக்குகிறது. இதைத் தாங்குவது நோயாளியின் மனத்திடத்தைப் பொறுத்தது என்றே பேசப்படுகிறது. ஆனால் யாருடைய வேதனை எண்ணப்பட்டது, யாருடையது விடுபட்டது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் அடிக்குறிப்புகளாக.

காய்ச்சலே மருந்தாக இருந்த காலம்

1890-இல் எலிசபெத் டஷீல் என்ற 17 வயதுப் பெண்ணின் கை, ரயில் பயணம் ஒன்றில் இருக்கைகளுக்கு நடுவே சிக்கி நசுங்கியது. வீக்கம் வடியவில்லை. நியூயார்க்கில் அவரைப் பார்த்த இளம் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, அது எலும்புப் புற்று என்று கண்டறிந்து கையை வெட்டியெடுத்தார். பலனில்லை. 1891 ஜனவரியில் டஷீல் இறந்தார். அந்த மரணம் கோலியை உலுக்கியது. மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, கழுத்தில் கட்டி இருந்த ஒருவருக்குத் தோல் தொற்றும் கடுங்காய்ச்சலும் வந்து, அதன்பின் கட்டி மறைந்துபோன செய்தி அவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டே அவர் புற்றுநோயாளிகளுக்குக் கிருமியைச் செலுத்தத் தொடங்கினார். பிறகு கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்டு ஒரு மருந்து தயாரித்தார்.

கோலியின் மருந்தில் காய்ச்சலும் நடுக்கமும் தவிர்க்க வேண்டியவையாக இல்லை. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அவையே அடையாளம். காய்ச்சல் வராவிட்டால் அளவைக் கூட்டினார். இன்று எதைப் பக்கவிளைவு என்று சொல்லுவோமோ, அதுவே அன்று விளைவு.

1936-இல் கோலி இறந்தபோது கதிர்வீச்சுச் சிகிச்சை முன்னுக்கு வந்திருந்தது. அவருடைய முறை மறக்கப்பட்டிருந்தது. அதை மீட்டவர் அவருடைய மகள் ஹெலன் கோலி நாட்ஸ். மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத அவர், தந்தையின் காகிதங்களைத் தேடிப் பிரித்து, நூற்றுக்கணக்கான நோயாளிகளின் விவரங்களை ஒவ்வொன்றாகத் தொகுத்தார். எவ்வளவு நாள் மருந்து தரப்பட்டது, காய்ச்சல் எவ்வளவு ஏறியது, அதற்கேற்பப் பலன் எப்படி மாறியது என்பதெல்லாம் அந்தத் தொகுப்பிலிருந்துதான் தெரியவந்தது. துறையின் பெரியவர்கள் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1953-இல் நெல்சன் ராக்ஃபெல்லர் தந்த 2,000 டாலரை வைத்துப் புற்றுநோய் ஆய்வுக் கழகம் என்ற அமைப்பை அவர் நிறுவினார். இன்றும் நோயெதிர்ப்புச் சிகிச்சை ஆய்வுகளுக்குப் பணம் தரும் முக்கியமான அமைப்புகளில் அது ஒன்று.

நாட்ஸை 'தந்தையின் பெயரைக் காத்த மகள்' என்று பாராட்டுவது எளிது. அந்தப் பாராட்டு அவருடைய உழைப்பைக் குடும்பப் பாசமாகச் சுருக்கிவிடுகிறது. அவர் செய்தது ஆய்வு. உடல்கள் மருந்துக்கு எப்படி எதிர்வினை காட்டின என்பதைப் பொறுமையாக எண்ணியதுதான் அவருடைய கொடை.

எண்ணப்படாத உடல்கள்

பெண்கள் தங்கள் எதிர்வினைகளைச் சொன்னபோது என்ன நடந்தது என்பதற்குக் கருத்தடை மாத்திரையின் கதையே சாட்சி. 1956-இல் போர்ட்டோ ரிக்கோவில் நடந்த சோதனைக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, மாத்திரை எடுத்த பெண்களில் 17 சதவீதம் பேருக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி போன்றவை இருந்ததாக எழுதினார். பொதுப் பயன்பாட்டுக்கு இது ஏற்றதல்ல என்பது அவர் கருத்து. மாத்திரையை உருவாக்கியவர்கள் அவற்றை மனம் சார்ந்த தொல்லைகள் என்று ஒதுக்கினார்கள். 1960-இல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது.

1969-இல் பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர் மாத்திரையின் ஆபத்துகளைத் தொகுத்து நூலாக்கினார். அதன் தொடர்ச்சியாக 1970 ஜனவரியில் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. மாத்திரையை விழுங்கிய பெண் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல அழைக்கப்படவில்லை. அலிஸ் வுல்ஃப்சனும் அவருடைய தோழிகளும் பார்வையாளர் பகுதியிலிருந்து எழுந்து, ஏன் எங்களிடம் கேட்கவில்லை என்று குரலெழுப்பினார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் பக்கவிளைவுகளைச் சொல்லும் தாள் வைக்கப்பட்டது அந்தப் போராட்டத்தால்தான். இன்று எந்த மருந்துப் பெட்டியைப் பிரித்தாலும் மடித்து வைத்த ஒரு தாள் கையில் வருகிறதே, அதன் பின்னால் அந்தக் கூச்சலும் இருக்கிறது.

பெண்ணுடலைப் பாதுகாப்பது என்ற பெயரில் எதிர்த்திசையிலும் ஒரு காரியம் நடந்தது. தாலிடோமைடு மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறைபாட்டோடு பிறந்த கொடுமைக்குப் பின், 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கும் வழிகாட்டுதலை வெளியிட்டது. மருந்தின் அளவு முடிவாவது பெரும்பாலும் அந்தத் தொடக்கநிலைகளில்தான். 1993-இல்தான் அந்த விலக்கு நீங்கியது. அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

பிரேக்கை விடுவித்த பிறகு

1990-களில் எதிர்ப்பாற்றலின் 'பிரேக்'குகள் ஒவ்வொன்றாகப் புரியத் தொடங்கின. சிடிஎல்ஏ-4 என்ற புரதம் இல்லாத எலிகள் சில வாரங்களுக்குள் தம் சொந்த எதிர்ப்பணுக்களாலேயே அழிந்துபோவதை 1995-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அவற்றில் ஒன்று ஆர்லீன் ஷார்ப் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஜப்பானில் தசுகு ஹோன்ஜோவின் குழு 1992-இல் கண்டறிந்த பிடி-1 இன்னொரு பிரேக். அது இல்லாத எலிகளுக்கும் தன்னுடல் தாக்கு நோய் வந்தது. பிரேக்கை விடுவித்தால் என்னென்ன நேரலாம் என்பதை எலிகள் முன்கூட்டியே சொல்லிவிட்டன. 2018 நோபல் பரிசு ஜேம்ஸ் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் போனது. பரிசுக்கு வெளியே நின்றவர்களில் ஆண்களும் உண்டு, ஷார்ப்பும் உண்டு.

2015-இல் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகிய மருந்துகளுக்கு நுரையீரல் புற்றுநோய்க்கான அனுமதி கிடைத்தது. நிவோலுமாபின் முதல் அனுமதிக்கு அடிப்படையான சோதனைகளில் ஒன்றில் 272 பேர் இருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். அந்த வகைப் புற்று ஆண்களிடம் அதிகம் என்பது ஒரு காரணம். ஆனால் காரணம் எதுவானாலும், பெண்ணுடல்களைப் பற்றிய அறிவு குறைவாகவே சேர்ந்தது. அடுத்த ஆண்டு வெளியான 305 பேர் கொண்ட சோதனையில், கீமோதெரபி பெற்றவர்களில் 53 சதவீதம் பேருக்குச் சிகிச்சையால் கடுமையான பக்கவிளைவுகள் வந்தன. பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களில் அது 27 சதவீதம். பலருக்கு இந்தச் சிகிச்சை உண்மையிலேயே மென்மையானது, ஆயுளை நீட்டித்தது. ஆனால் 'மென்மையான மருந்து' என்ற பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு, கஷ்டப்படுபவரின் சொல்லுக்கு மதிப்பு குறைகிறது.

2022-இல் ஜோசஃப் அங்கரும் சக ஆய்வாளர்களும் 1980 முதல் 2019 வரை நடந்த 202 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 23,296 நோயாளிகளையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். எல்லாச் சிகிச்சைகளையும் சேர்த்துப் பார்த்தால், கடுமையான பக்கவிளைவு வரும் சாத்தியம் ஆண்களைவிடப் பெண்களுக்கு 34 சதவீதம் அதிகம். நோயெதிர்ப்புச் சிகிச்சையில் மட்டும் பார்த்தால் அது 49 சதவீதம். தன்னுடல் தாக்கு நோய்கள் பொதுவாகவே பெண்களிடம் அதிகம் என்பதால், இதை ஆராய்ந்திருக்க வேண்டும் என்று முன்பே தோன்றியிருக்கலாம். நாற்பது ஆண்டுத் தரவுகள் ஏற்கெனவே கையில் இருந்தன. கேள்விதான் தாமதமாக வந்தது.

சமைக்க முடிகிறதா?

பக்கவிளைவுகளைத் தரம்பிரிக்க உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்று உண்டு. முதல் தரம் லேசானது, ஐந்தாம் தரம் மரணம். அசதி ஓய்வெடுத்தால் தீருமானால் அது முதல் தரம். ஓய்வெடுத்தும் தீராமல் அன்றாடக் காரியங்களைத் தடுத்தால் இரண்டாம் தரம். அந்த அன்றாடக் காரியங்களுக்கு அளவுகோலே தரும் எடுத்துக்காட்டுகளில் முதலில் நிற்பது சமைப்பது. அடுத்தது கடைக்குப் போவது. குளிக்க, உடுத்த, சாப்பிட முடியாமல் போனால் மூன்றாம் தரம்.

இந்தத் தாளை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து பாருங்கள். அசதியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று உலை வைக்கிற பெண்ணிடம் மருத்துவர், "வீட்டு வேலையெல்லாம் செய்ய முடியுதாம்மா?" என்று கேட்கிறார். "செய்றேன் டாக்டர்" என்கிறாள். அவளுடைய அசதி முதல் தரமாகப் பதிவாகிறது. செய்ய முடிகிறதா என்பது வேறு, செய்யாமல் இருக்க முடிகிறதா என்பது வேறு. இரண்டாவது கேள்வி படிவத்தில் இல்லை. வாழ்நாளில் சமைத்தே இராத கணவருக்கு இதே சிகிச்சை நடந்தால், சமையல் என்ற அளவு அவரிடம் எதையும் அளக்காது. ஒரே தாள் இருவரையும் வேறு வேறு விதமாகத் தவறவிடுகிறது.

அசதி சின்ன விஷயமும் இல்லை. இந்தச் சிகிச்சையில் அது தைராய்டு சுரப்பு குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையால் சரிசெய்யலாம், பெரும்பாலும் புற்றுச் சிகிச்சையையும் நிறுத்த வேண்டியதில்லை. பிட்யூட்டரி அல்லது அட்ரீனல் சுரப்பி பழுதானதன் அறிகுறியாகவும் அதே அசதி வரலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. 'மாதவிலக்கு நிற்கிற வயது', 'கவலையால் வருவது' என்று வீட்டிலும் வெளியிலும் சொல்லிவிட்டால் இவையெல்லாம் மறைந்துபோகும். ரைஸ்-ரேயின் அறிக்கைக்குக் கிடைத்த பதிலும் இதுதான்.

தாங்குவதும் சொல்லுவதும்

பொறுத்துக்கொள்வதைப் பெண்ணின் குணம் என்று புகழும் பண்பாடு, இந்தச் சிகிச்சையில் நேரடியாகக் கேடு செய்கிறது. இங்கே சமாளித்தல் என்பதன் முதல் பாதி சீக்கிரம் சொல்லுவது. வயிற்றுப்போக்கு, புதிய இருமல், மூச்சிரைப்பு, தோல் தடிப்பு, மஞ்சள் காமாலை, நெஞ்சுவலி, விடாத தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் சிகிச்சை தரும் குழுவிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். நுரையீரல் அழற்சியின் இருமல் புற்றுநோயின் இருமலைப் போலவே இருக்கும். பிரித்தறிவது மருத்துவரின் வேலை, நோயாளியின் ஊகத்துக்கு விடக்கூடாது. இந்த விளைவுகள் சில வாரங்களிலும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம், மருந்தை நிறுத்திய பின்னும் வரலாம். ஆகவே பல் மருத்துவரானாலும் அவசர சிகிச்சைப் பிரிவானாலும், எங்கே போனாலும் 'கீமோ இல்லை, இம்யூனோதெரபி' என்று சொல்லும் சீட்டு கையில் இருப்பது நல்லது.

சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. கடன் வாங்கி மருந்து வாங்கிய குடும்பத்தில் அந்தப் பயம் இரட்டிப்பாகும். லேசான விளைவுகளுக்கு மருந்தை நிறுத்தாமலே வைத்தியம் செய்ய முடிகிறது. கடுமையானவற்றுக்கு ஸ்டீராய்டு தருகிறார்கள். அதனால் தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும், மனம் நிலைகொள்ளாது. ஆனாலும் தானாக நிறுத்தக்கூடாது, மருத்துவர் சொல்லுகிறபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும். பக்கவிளைவால் சிகிச்சையை நிறுத்த நேர்ந்தவர்களில் சிலருக்குக் கட்டி நெடுநாள் கட்டுக்குள் இருந்ததும் பதிவாகியிருக்கிறது.

சொல்லுவதால் பயன் உண்டா என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முற்றிய புற்றுநோய் உள்ள 766 பேரிடம் ஈதன் பாஷின் குழு நடத்திய ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. கீமோதெரபி பெற்றுக்கொண்டே தங்கள் தொல்லைகளைத் தாங்களே கணினியில் பதிவு செய்தவர்கள், அவை மோசமானால் செவிலியருக்குத் தகவல் போகும் ஏற்பாட்டில் இருந்தவர்கள், சராசரியாக 31 மாதங்கள் வாழ்ந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 26 மாதங்கள். நோயாளியின் சொல்லுக்கு ஐந்து மாத ஆயுளின் எடை இருந்தது.

நம் வீடுகளில் அந்தக் கணினியின் வேலையை மனைவியோ மகளோ மருமகளோ செய்கிறார்கள். காலண்டர் ஓரத்திலும் பழைய நோட்டின் பின்பக்கத்திலும் எத்தனை முறை வயிறு போனது, எப்போது காய்ச்சல் வந்தது, எந்த மாத்திரை தீர்ந்தது என்று குறித்துவைக்கிறார்கள். அவர்களே நோயாளியாகும்போது அதைக் குறிக்க வீட்டில் ஆளிருப்பதில்லை. ஆகவே இரண்டு காரியங்கள் செய்யத்தக்கவை. நோயாளி பெண்ணானால், நோட்டை எடுத்து எழுதும் பொறுப்பை வீட்டு ஆண்கள் ஏற்க வேண்டும். எழுதிய நோட்டு மருத்துவமனைக் கோப்புக்குள் போக வேண்டும், அதை வாங்கிப் படிக்கும்படி நாம் கேட்க வேண்டும். ஹெலன் நாட்ஸ் புரட்டிய காகிதங்களில் காய்ச்சலின் அளவை யாரோ ஒருவர் எழுதிவைத்திருந்ததால்தான் அவரால் எண்ண முடிந்தது.