கழுத்தெலும்பு முறிவும் மருத்துவ வளர்ச்சியும்

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைப்படி இலங்கையினின்று தாயகம் திரும்பிய தமிழருள் சிலர், நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளராகக் குடியேறினர். தென்னை நிறைந்த அத்தீவில் ஒருவர் மரத்தினின்று விழுந்து கழுத்தெலும்பு முறிந்தால் அவர் கதி என்ன? எண்ணிப் பார்ப்போம்.

பண்டை எகிப்திய மருத்துவ ஏடு ஒன்று, கழுத்தெலும்பு பிறழ்ந்து கைகால் செயலற்றவரை மருத்துவத்திற்கு அப்பாற்பட்டவரெனக் கைவிட்டது. 1933இல் அமெரிக்கரான கிரச்ஃபீல்டு, மண்டையோட்டில் இடுக்கி பொருத்தி, எடை தொங்கவிட்டு எலும்பை நேராக்கினார். நோயாளியோ வாரக்கணக்கில் படுக்கையிற் கிடந்தார். நம் நாட்டில் 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னையில் ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைத் துறைகளைத் தொடங்கினர்.

1982இல் வியன்னா மருத்துவர் போலர் புதுநெறி ஒன்றை வெளியிட்டார். இரண்டாம் கழுத்தெலும்பின் பற்போன்ற முனை முறிந்தால், முன்கழுத்திற் கீறி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே திருகாணியால் அதனை இணைத்தல் அந்நெறி. அண்டை எலும்போடு பிணைத்துவிடாமையால் தலையைத் திருப்பும் ஆற்றல் காக்கப்படுகிறது. பின்வந்தோர் அக்கீறலை மேலும் சுருக்கினர்.

எனினும், முதற்பணி நம் கையிலேயே உள்ளது. விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்தல் தண்டுவடத்தையே சிதைக்கக்கூடும். தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் அசையாதிருக்கப் பலகையிற் கிடத்தி அனுப்புவோம். கடல் கடந்து மருத்துவரை அடையும்வரை அந்தக் கழுத்தைக் காப்பவர் நாமே.