கணையப் புற்றுநோய்: ஒரு நூற்றாண்டுக் கணக்கு

ஹாஸ்டல் மெஸ், அரியர்ஸ், கல்ச்சுரல்ஸ் பற்றியெல்லாம் எழுத இந்த மலரில் ஆட்கள் நிறைய உண்டு. நான் ஒரு நோயின் சரித்திரத்தை எழுத வந்திருக்கிறேன். மெக்கானிக்கல் படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். செரிமான நீரையும் இன்சுலினையும் சுரக்கிறது. அங்கே கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படாது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியும் தெரியாது. அதனால்தான் நோயைக் கண்டுபிடிக்கும்போது ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் 100-க்கு 15, 20 பேர்தான்.

அந்த ஆபரேஷனுக்கே ஒரு கதை உண்டு. 1909-ல் பெர்லினில் வால்தர் கௌஷ் என்பவர் கணையத்தின் தலைப்பகுதியையும் அதை ஒட்டிய சிறுகுடலையும் இரண்டு கட்டமாக வெட்டி எடுத்தார். 1935-ல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள் தன் முறையை வெளியிட்டார். அதுவும் இரண்டு கட்டம்தான். காமாலை முற்றிய உடம்பில் வைட்டமின் கே சேராது, ரத்தம் உறையாது. முதலில் பித்தத்தை வடித்து, ஆளைத் தேற்றி, பிறகுதான் கத்தி வைக்க முடியும். 1940-ல் இரைப்பைக் கட்டி என்று நினைத்து வயிற்றைத் திறந்தவர், கட்டி கணையத்தில் இருப்பதைப் பார்த்து ஒரே மூச்சில் முடித்தார். அதன்பின் வைட்டமின் கே மருந்தும் கைக்கு வந்ததால், ஒரே கட்ட ஆபரேஷனே வழக்கமாயிற்று.

ஆனாலும் 1960-70களில்கூடப் பல இடங்களில் நான்கில் ஒருவர் வரை ஆபரேஷனுக்குப் பின் இறந்துபோனார்கள். இதை விட்டுவிடலாம் என்று சொன்ன டாக்டர்களும் உண்டு. 1993-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் கேமரூன் குழுவினர், வரிசையாக 145 பேருக்குச் செய்து ஒருவரைக்கூட இழக்கவில்லை என்று எழுதினார்கள். அடிக்கடி செய்கிற கைக்குத்தான் இது கைகூடும் என்பது அதில் கிடைத்த பாடம். இன்னும் அகலமாக வெட்டினால் நோயாளி கூடுதல் காலம் இருப்பாரா? ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகள், அப்படி ஒன்றும் இல்லை என்றே காட்டின.

அடுத்தது மருந்து. இரண்டு பம்ப்பை ஒப்பிட வேண்டுமானால் ஒரே உயரம், ஒரே மோட்டார் வைத்துத்தானே ஓட்டிப் பார்ப்போம்? மருத்துவத்தில் அதற்குக் குலுக்கல். யாருக்கு எந்த மருந்து என்பதை டாக்டரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. 1997-ல் வெளியான ஒரு சோதனையில் 126 பேரைப் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். பழைய மருந்து வாங்கியவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் 100-க்கு 2 பேர். ஜெம்சைட்டபின் வாங்கியவர்களில் 18 பேர். பத்து வருடம் கழித்து இன்னொரு மருந்தைச் சேர்த்துப் பார்த்ததில் கூடியது சுமார் இரண்டே வாரம்! 2011-ல் பிரான்சில் 342 பேர் பங்கேற்ற சோதனையில், பல மருந்துகளைச் சேர்த்த ஃபோல்ஃபிரினாக்ஸ் முறை 6.8 மாதத்தை 11.1 ஆக்கியது. இது பரவிய நோய்க்கான கணக்கு. ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு இதையே சற்று மாற்றிக் கொடுத்தபோது, 35 மாதம் 54 ஆனது என்று 2018-ல் தெரிந்தது. இவையெல்லாம் நடு அளவுகள். பாதிப்பேர் அதைத் தாண்டியவர்கள். பக்கவிளைவு கடுமை, உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்கே கொடுப்பார்கள்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன், சின்ன வயதில் என்னை மடியில் வைத்துக் காதுகுத்திய தாய்மாமாவுக்குக் கண் மஞ்சளானது. வலி இல்லை. காமாலைதானே என்று கீழாநெல்லியும் பத்தியமுமாக ஐந்து வாரம் போயிற்று. ஸ்கேன் எடுத்தபோது கட்டி கல்லீரலுக்குப் பரவியிருந்தது. டாக்டர் கீமோதெரபி பற்றிச் சொல்லிவிட்டு, ஒரு கிளினிக்கல் டிரையல் நடக்கிறது, விருப்பமானால் சேரலாம் என்றார். வீட்டில் ஒரே ரகளை. "மனுஷனை எலி மாதிரி வெச்சுப் பாக்கறதா?" என்று பெரியம்மா அழுதார். மாமா மட்டும் அந்தச் சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டி, "நீ இன்ஜினீயர்தானடா, படிச்சு எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார்.

படித்துச் சொன்னேன். முதல் கட்டம், எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று பார்ப்பது. இரண்டாவது, பலன் தெரிகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, இருக்கிற நல்ல சிகிச்சையோடு மோதிப் பார்ப்பது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இந்தியாவில் 2009 முதல் இத்தகைய சோதனைகளைப் பதிவு செய்வது கட்டாயம். பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு தர 2019-ம் ஆண்டு விதிகளில் இடமுண்டு. மாமா கையெழுத்துப் போட்டார். பதினோரு மாதம் இருந்தார். குலுக்கலில் எந்த மருந்து விழுந்தது என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. "நமக்கு முன்னாடி யாரோ போட்ட கையெழுத்துலதானே இந்த மருந்தும் வந்திருக்கு" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

இன்னும் வேலை நடக்கிறது. இந்தக் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு கே-ராஸ் என்ற மரபணுவில் கோளாறு உண்டு. மருந்துக்குப் பிடி கொடுக்காதது என்று பல வருடம் கைவிடப்பட்டிருந்த மரபணு அது. அதைக் குறிவைக்கும் டராக்சன்ராசிப் என்ற மாத்திரை 2024-ல் மூன்றாம் கட்டச் சோதனைக்குப் போனது.

நம்ம செட்டுக்கும் நாற்பது நெருங்குகிறது. அப்பா, அம்மாக்களுக்கு அறுபது தாண்டிவிட்டது. வலியில்லாத காமாலை, காரணமில்லாத எடைக்குறைவு, ஐம்பதுக்கு மேல் திடீரென்று வந்த சர்க்கரை, முதுகு வரை துளைக்கும் மேல்வயிற்று வலி. இவற்றில் எது வந்தாலும் நாள் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும், இருந்தாலும் பார்த்துவிடுங்கள். நோய் இதுதான் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த ஆபரேஷன் இங்கே வருடத்துக்கு எத்தனை நடக்கிறது? மரபணுப் பரிசோதனை தேவையா? எங்களுக்குப் பொருந்தும் டிரையல் ஏதாவது உண்டா?

தம்பி தங்கைகளே, லேப் ரெக்கார்டில் ரீடிங்கை நேர்மையாக எழுதுங்கள். ஒரு நூற்றாண்டாக இந்த நோயில் கிடைத்த ஒவ்வொரு மாதமும் யாரோ நேர்மையாக எழுதிய ரீடிங்தான்.